வாசலில் நின்ற பறைக்கு நடுமேடை

நந்தனார் கதை நம் எல்லோருக்கும் தெரியும். அதில் ஒரு செய்தியை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. சிவன் கோயில் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்து வந்தவர் அவர் என்கிறது பெரியபுராணம். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவரோ வெளியில் நின்றார்.

நம் கொங்குக் கிராமங்களில் இதைப் பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. மாரியம்மன் நோம்பி சாட்டினால் தப்பட்டை வந்தாக வேண்டும். கம்பத்தைச் சுற்றி இளைஞர்கள் ஆட வேண்டுமானால் அடி விழ வேண்டும். சாவு வீட்டிலும் அதே தப்பட்டைதான். இரவெல்லாம் அடித்தவர் சாமி கும்பிட எங்கே நின்றார், சோறு எங்கே உட்கார்ந்து சாப்பிட்டார் என்று கேட்டால் பல ஊர்களில் இன்றும் நேரான பதில் கிடைக்காது. கலை வேண்டும், கலைஞர் வேண்டாம் என்ற இந்த ஏற்பாட்டை உடைக்கத்தான் தலித் கலை விழாக்கள் பிறந்தன.

அரசரடியில் தொடங்கிய பாட்டு

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு இறையியல் கல்லூரி இதில் முக்கியமான இடம். அங்கு ஆசிரியராக இருந்த தியாபிலஸ் அப்பாவு (1940–2005), ‘பரட்டை’ என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் பாட்டுக் கட்டினார். தேவாலயங்களில் அதுவரை மேல்நாட்டுக் கீதங்களும் கர்நாடக இசையில் அமைந்த கீர்த்தனைகளும்தான் மதிப்போடு ஒலித்தன. வயலில் பாடுகிறவளின் மெட்டும் சேரியில் அடிக்கிறவரின் தாளமும் கடவுளுக்கு ஆகாதவை என்று ஒதுக்கப்பட்டிருந்தன.

அப்பாவு அதை மாற்றினார். கிராமிய இசையிலேயே ஒரு முழு வழிபாட்டு முறையை அமைத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. நாட்டுப்புறப் பாட்டைக் கற்கப் பணம் வேண்டாம், குரு வீட்டு வாசலில் காத்திருக்க வேண்டாம். யாரும் பாடலாம். தன் பாட்டைத் தன் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக் கட்டலாம். எல்லோரும் சேர்ந்து ஒரே உலையில் சமைத்து உண்பதை அவர் இறை நம்பிக்கையின் அடையாளமாகவே கண்டார். அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் இவரைப் பற்றி எழுதிய ஆய்வு நூல் 2014இல் வெளிவந்தது.

அதே கல்லூரியின் தலித் ஆதார மையம் 1990களில் தலித் கலை விழாக்களை நடத்தியது. பறையாட்டக் கலைஞர்கள் அங்கே மேடை ஏறினார்கள். எழுத்தும் பாட்டும் நம்பிக்கையும் ஒரே வளாகத்தில் கூடின.

தமிழில் தலித் எழுத்து பெரும் வேகம் எடுத்ததும் அந்த ஆண்டுகளில்தான். பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. சிவகங்கைச் சீமையிலிருந்து வந்த கே.ஏ. குணசேகரன் ஊர் ஊராகப் போய் மேடைகளில் பாடினார். ‘பலி ஆடுகள்’ நாடகத்தையும் ‘வடு’ என்ற தன்வரலாற்றையும் எழுதினார். பிற்காலத்தில் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். பாடகர் வேறு, எழுத்தாளர் வேறு, பேராசிரியர் வேறு என்று நாம் பிரித்து வைத்திருப்பதை அவர் வாழ்க்கை ஏற்கவில்லை. நம் மாணவர்கள் அவரைப் படிக்க வேண்டும்.

மயிலாப்பூர் முதல் கோவை வரை

2018 டிசம்பர் இறுதியில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் ‘வானம் கலைத் திருவிழா’வைச் சென்னை மயிலாப்பூரில் மூன்று நாள் நடத்தியது. மார்கழி மாதம், சபாக்கள் நிறைந்த மயிலாப்பூர், அங்கே பறையும் ஓவியமும் நாடகமும் இலக்கியமும். அனுமதி இலவசம். 2020இல் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கியது. ஒப்பாரியும் கானாவும் நாட்டுப்புறப் பாட்டும் அரங்குகளுக்கு வந்தன. 2021இல் அந்த நிகழ்ச்சி மதுரைக்கும், நமக்குப் பக்கத்திலுள்ள கோவைக்கும் வந்தது.

மகாராஷ்டிரத்தைப் பார்த்தாலும் இதே பாடம்தான். பாபாசாகேப் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று பௌத்தம் தழுவிய நாகபுரி தீட்சா பூமியில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். அங்கே வழிபாடு நடக்கிறது, பீம் பாடல்கள் ஒலிக்கின்றன, வரிசை வரிசையாகப் புத்தகக் கடைகள் நிற்கின்றன. கூலி வேலை செய்கிறவர்கள் மூட்டை முடிச்சுடன் வந்து, போகும்போது புத்தகம் வாங்கிப் போகிறார்கள். நுழைவுச் சீட்டு கிடையாது.

அடிப்பதா, எறிவதா?

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. பறையே இழிவின் அடையாளமாகத் திணிக்கப்பட்டது. அதை ஏன் மீண்டும் கையில் எடுக்க வேண்டும்? காட்டுமன்னார்கோயில் பகுதியில் எல். இளையபெருமாள், பறையடிக்கும் கட்டாயத்துக்கு எதிராக மக்களைத் திரட்டினார். நம் பகுதியிலும் “என் பிள்ளை தப்பட்டையைத் தொடக் கூடாது” என்று சொல்லிப் படிக்க வைத்த தகப்பன்மார் உண்டு. அவர்களுடைய கோபத்தை நாம் மதிக்கிறோம்.

இரண்டுக்கும் பகை இல்லை என்பது நம் கருத்து. ஊர்க் கட்டளைக்காக அடிப்பதை நிறுத்தியதும் விடுதலைதான். தன் விருப்பத்தில் மேடை ஏறி அடிப்பதும் விடுதலைதான். அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை இருக்கிற இடத்தில்தான் பறை கலையாகிறது. அந்த உரிமை இல்லாவிட்டால், எவ்வளவு விளக்குப் போட்டாலும் அது பழைய ஊழியமே.

ஆகவே ‘இலவச விழா’ என்ற சொல்லில் நாம் கவனமாக இருக்க வேண்டும். பார்க்க வருகிறவருக்குத்தான் இலவசம். கலைஞருக்கு முறையான சம்பளம், நாற்காலி, அழைப்பிதழில் பெயர் மூன்றும் வேண்டும். தலைமுறை தலைமுறையாகக் கூலி இல்லாமலோ அரைக் கூலிக்கோ அடித்தவர்களை, சேவை என்ற பெயரில் மறுபடியும் சும்மா அடிக்க வைப்பது நியாயம் ஆகாது.

நம் மண்ணுக்கு ஏன் தேவை?

திருப்பூர் மாவட்டத்தில் சாதி எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். 2018இல் அவினாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியில், அருந்ததியர் பெண் சத்துணவு சமைக்கக் கூடாது என்று தடுத்தார்கள். அவருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அது ரத்தானது. 2023 டிசம்பரில் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் சுமார் 60 தலித் மக்கள் ஒரு தெருவில் முதன்முறையாகக் காலில் செருப்புடன் நடந்தார்கள். அந்தத் தெருவின் நீளம் சுமார் 300 மீட்டர்தான். அதைக் கடக்க எத்தனை தலைமுறை ஆகியிருக்கிறது!

அப்பாவு சொன்ன ஒரே உலை நமக்கு ஏன் இன்னும் தேவை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டுகிறவரும் செக்கிங் பார்க்கிறவரும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறார்கள். டெல்டாவிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பாட்டையும் குலசாமியையும் கூடவே கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வீடு சேர்ந்தால் பாடவும் கேட்கவும் நேரமில்லை. சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சந்தை, திங்கட்கிழமை மறுபடியும் கம்பெனி என்றே வாரம் ஓடிவிடுகிறது.

ஆகவே இங்கே விழா என்றால் ஞாயிறு மாலையில், பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், யாருடைய சாதித் தெருவும் அல்லாத பொது மைதானத்தில் நடக்க வேண்டும். மில் விடுதிகளில் தங்கியிருக்கும் பெண்கள் வந்து திரும்ப வசதி வேண்டும். மதுரை வீரன் கதை பாடுகிறவரும் தேவாலயத்தில் பாடுகிறவரும் பௌத்த வந்தனம் சொல்கிறவரும் ஒரே மேடையில் வரட்டும். யாரையும் யாரும் கும்பிடச் சொல்ல வேண்டாம். கேட்டால் போதும். முடிவில் எல்லோருக்கும் ஒரே பந்தியில் சோறு. அதை யார் சமைத்தார் என்று ஒலிபெருக்கியில் பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும்.

மாணவர்களுக்கு

அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2009இல் வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதன் பயனாக, குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் ஒன்று கேட்கிறோம்.

உங்கள் அப்பத்தாவுக்குத் தெரிந்த ஒப்பாரியையும் தாலாட்டையும் நடவுப் பாட்டையும் போனில் பதிவு செய்யுங்கள். நோட்டில் எழுதுங்கள். எந்த ஊரில், எந்த வேலையின்போது பாடியது என்பதையும் கேட்டுக் குறியுங்கள். பாடியவரின் சம்மதத்தோடு பெயரையும் எழுதுங்கள். சாவுக்கு ஓர் அடி, சாமிக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி என்று தாத்தாக்கள் அறிந்த தாளங்கள் அவர்களோடு போய்விடக் கூடாது. பல பாட்டுகளுக்குக் கட்டியவர் பெயர் இல்லாமல் போனதற்குக் காரணம், எழுதத் தெரிந்தவர்கள் அன்று நம் தெருவுக்குள் வரவில்லை. இன்று எழுதத் தெரிந்தவர்கள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

பெரிய பந்தலும் சினிமாப் பிரபலமும் இல்லாமல் விழா நடக்காது என்று காத்திருக்க வேண்டாம். நாலு ஊர்க் கலைஞர்கள், பத்து மாணவர்கள், ஒரு புத்தக மேசை, ஒரு பெரிய உலை போதும். வரும் ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாளுக்கே தொடங்கலாம்.