பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு: தாயிடம் கேட்கப்படாத கேள்வி

பிறந்த ஆறாவது வாரத்தில் பெண்டாவேலன்ட் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிவரப்படும் குழந்தையின் எடை பார்க்கப்பட்டு அட்டையில் குறிக்கப்படுகிறது. தாயிடமோ பால் சுரப்பு, தையல் புண், கருத்தடை ஆகியவை பற்றி மட்டுமே பெரும்பாலும் விசாரிக்கப்படுகிறது. மனச்சோர்வைக் கண்டறிய இதைவிடப் பொருத்தமான வேளை அரிது என்பதால், அவளுடைய மனநிலையைக் கேளாமல் அனுப்பிவிடுவது பெரும் இழப்பாகும்.

பிரசவமான இரண்டு மூன்று நாள்களில் காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் தோன்றி, இரண்டு வாரங்களுக்குள் தாமாகவே தணிவது பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வதே; அதற்கு ஆறுதலும் உறக்கமும் போதும். இரண்டு வாரங்களைத் தாண்டியும் துயரம், எதிலும் நாட்டமின்மை, குற்றவுணர்வு, குழந்தை உறங்கும்போதும் உறக்கம் வராமை ஆகியவை நீடித்தால் அது மனச்சோர்வு நோய். இவற்றினின்று வேறானது, ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் திடீரெனத் தொடங்கும் கடும் மனநோய். இல்லாத குரல் கேட்பதும் பொருந்தாப் பேச்சும் தென்பட்டால் அன்றே மருத்துவமனையில் சேர்க்கவேண்டிய அவசர நிலை அது.

மனச்சோர்வுற்ற பெண் தன் குறையை அந்தப் பெயரில் சொல்வதில்லை. "உடம்பெல்லாம் அசதி", "தலைவலி தீரவே இல்லை", "பால் பத்தலை" என்றே சொல்வாள். இரத்தசோகையையும் தைராய்டு கோளாறையும் பரிசோதித்துப் பார்ப்பது அவசியமே எனினும், அத்தோடு நின்றுவிடுவதால்தான் நோய் தவறிப்போகிறது. 1987-இல் ஜான் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட எடின்பரோ அளவுகோல், கடந்த ஏழு நாள்களின் மனநிலையைப் பத்துக் கேள்விகளால் அறிந்து முப்பதுக்கு மதிப்பெண் இடுகிறது. தமிழ் வடிவமும் உள்ள இதைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு 'ஆம்' என்ற விடை வந்தால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாயினும் அவளைத் தனியே அனுப்பக்கூடாது.

வேலூர் மாவட்டக் கிராமப்புறத்தில் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான ஆய்வொன்று, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானோர் 11 சதவீதம் என்று கண்டது. வறுமை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாருடனும் பெற்றோருடனும் பிணக்கு, கைக்கு உதவியின்மை ஆகியவை அதனோடு சேர்ந்து காணப்பட்டன. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் பெண் சில மாதங்களில் புகுந்த வீடு திரும்பும்போது, அவளை அறிந்த கிராம சுகாதார செவிலியரும் மாறிவிடுகிறார் என்பதையும் இங்கே சேர்த்து எண்ணவேண்டும்.

கண்டறிந்தபின் என்ன செய்வது என்ற தயக்கத்துக்கு அடிப்படையில்லை. எடின்பரோவில் நடத்தப்பட்டு 1989-இல் வெளியான ஆய்வில், குறுகிய காலப் பயிற்சி பெற்ற செவிலியர் வாரம் ஒருமுறையாக எட்டு முறை வீட்டுக்குச் சென்று பொறுமையுடன் காதுகொடுத்துக் கேட்டதில், 26 தாய்மாருள் 18 பேர் முழுமையாகத் தேறினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற 24 பேரில் தேறியவர் 9 பேரே. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் மனநல மருத்துவர் அதிஃப் ரஹ்மான் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வலுவானது: சிந்தனைப் பழக்கத்தைத் திருத்தும் பேச்சுமுறைச் சிகிச்சையைக் களப்பணியாளர்களே வீட்டில் அளித்தபோது, குழந்தைக்கு ஆறு மாதமானபோது நோய் நீடித்தோர் 23 சதவீதம், அச்சிகிச்சை பெறாதோரில் 53 சதவீதம்.

நோய் கடுமையானால் மருந்து தேவைப்படும். செர்ட்ரலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலப்பதால், பாலூட்டுவதை நிறுத்தாமலே மருத்துவரின் மேற்பார்வையில் அதை உட்கொள்ளலாம். ஆயினும் தொடங்குமுன், முன்பு அளவுமீறிய உற்சாகமும் வேகமும் கண்ட காலம் உண்டா என்று கேட்பது கட்டாயம், ஏனெனில் இருமுனை மனநோயுள்ளவருக்கு இம்மருந்து மட்டும் கொடுத்தால் நிலை மோசமாகக்கூடும்.

குழந்தையின் எடைக்குப் பக்கத்தில் தாயின் மனநிலைக்கும் ஒரு கட்டம் அட்டையில் இடம்பெறவேண்டும். அதை நிரப்பும் நேரம் சுகாதாரப் பணியாளருக்கு ஒதுக்கப்படவேண்டும். அதுவரை, இவ்வறிகுறிகளைத் தம் வீட்டில் காண்போர் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணைக் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.