சர்வருக்குக் கட்டளை போகும் வழி



தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் இன்று பட்டணத்து அலுவலகங்களில் கணினிப் பிரிவில் வேலை செய்கின்றனர். "என்னப்பா வேலை?" என்று பெற்றோர் கேட்டால், "சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன்" என்பார்கள். அதற்குமேல் விளக்கம் வராது. எப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதை இன்று நாம் தெரிந்துகொள்வோம்.

ஒரு நிறுவனத்தின் கணக்குகளைத் தாங்கி நிற்கும் கணினியே சர்வர். நாம் வேலை செய்த நாள்கள், பிடித்தம் செய்த பணம், சேமநிதிக்குப் போன தொகை எல்லாம் இப்படிப்பட்ட ஒன்றில்தான் பதிவாகின்றன. அதற்குப் பெரும்பாலும் தனித்திரை கிடையாது. பொறுப்பாளர் வேறு கணினியில் அமர்ந்து கட்டளை அனுப்புவார். அந்தக் கட்டளை போகும் வழியில் வேறொருவன் நுழைந்துவிட்டால், நம் சம்பளக் கணக்கையே அவன் திருத்திவிடலாம். ஆகவே வழியைத் தேர்ந்தெடுப்பது சிறிய காரியமல்ல.

மிகப் பழைய வழி, சர்வரின் பின்புறம் நேராகக் கம்பி செருகுவது. இது ஏறக்குறைய 15 மீட்டர் தூரத்துக்குத்தான் சரிப்படும். இரு பக்கமும் ஒரே வேகத்தில், உதாரணமாக வினாடிக்கு 9,600 பிட் என்று, அமைத்திருக்க வேண்டும். இல்லையேல் திரையில் கிறுக்கல்தான் தெரியும். பழசு என்று சிலர் இதை இளக்காரமாகப் பார்க்கிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. வலைப்பின்னல் முழுவதும் செத்துக் கிடக்கும் நாளில் கைகொடுப்பது இந்தக் கம்பிதான். ஆனால், நடு இரவானாலும் ஆள் அங்கே போயாக வேண்டும்.

தூரத்திலிருந்து வேலை செய்ய டெல்நெட் என்ற முறை வந்தது. இதில் பெயரும் கடவுச்சொல்லும் அப்படியே வெளிப்படையாகப் போகும். தபால் அட்டையில் எழுதியது போல, வழியில் யார் கையில் பட்டாலும் படித்துவிடலாம். பின்லாந்தில் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலைப்பின்னலில் கடவுச்சொற்கள் இவ்வாறு ஒட்டுக்கேட்கப்பட்டன. அங்கிருந்த தாத்து உலோனென் என்பவர் அதற்கு மாற்றாக 1995ஆம் ஆண்டில் எஸ்.எஸ்.எச். முறையை உருவாக்கினார்.

இம்முறையில் போவதும் வருவதும் மறைமொழியாகிவிடும். கடவுச்சொல்லுக்குப் பதில் ஒரு சோடிச் சாவிகளையும் பயன்படுத்தலாம். ஒன்று சர்வரில் இருக்கும். அதைப் பிறர் பார்த்தாலும் கெடுதல் இல்லை. மற்றது பொறுப்பாளரிடமே இருக்க வேண்டும். முதன்முறை இணையும்போது சர்வரின் கைரேகை போன்ற ஓர் அடையாளத்தைக் காட்டி, "நம்புகிறாயா?" என்று பொறுப்பாளரின் கணினி கேட்கும். பலர் அதைப் படியாமலே 'ஆம்' என்று தட்டுகிறார்கள். அந்த அடையாளத்தை முன்பே குறித்துவைத்து ஒத்துப் பார்த்தால்தான், நடுவில் வேடம் போட்டு நிற்பவன் பிடிபடுவான். அன்றாட வேலைக்கு இந்த வழியையே நாம் சொல்வோம்.

இன்னொன்றும் உண்டு. பல சர்வர்களில் ஒரு சிறிய நிர்வாகக் கருவி தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். சர்வர் அணைந்திருந்தாலும், மின்சாரம் வந்துகொண்டிருக்கும்வரை அது விழித்திருக்கும். தூரத்திலிருந்தே சர்வரை மீண்டும் எழுப்பும். இவ்வளவு அதிகாரம் உள்ள வாசலை இணையத்துக்கு நேராகத் திறந்து வைக்கக் கூடாது. அதைத் தனி வலைப்பின்னலில் இணைத்து, பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிட வேண்டும்.