தாமதமாகும் மின்னஞ்சல்: தடை எங்கே?

சித்தூர்ப் பகுதியில் நகரியின் வழியே ஓடும் நகரி ஆறு, கொசஸ்தலை ஆற்றோடு கலந்து, சென்னைக்குக் குடிநீர் வழங்கும் பூண்டி நீர்த்தேக்கத்தை அடைகிறது. மழைக்காலத்தில் மேலே அணை திறக்கப்படுமாயின், அச்செய்தி நீருக்கு முன்பாகவே கீழுள்ள ஊர்களை எட்டவேண்டும். அத்தகைய அறிவிப்பை ஓர் அலுவலகம் மின்னஞ்சலில் அனுப்பி, அது மூன்று மணி நேரம் கழித்துப் போய்ச் சேருமானால் பயன் யாது? பள்ளி விடுமுறைச் சுற்றறிக்கைக்கும் இது பொருந்தும். ஆகவே, மின்னஞ்சல் சர்வர் மந்தப்படும்போது தடையைக் கண்டறியும் முறையைக் களப் பணியாளரும் ஆசிரியரும் ஓரளவேனும் அறிந்திருத்தல் நலம்.

சர்வர் என்பது தபால் நிலையம் போன்றதொரு கணிப்பொறி. அது கடிதத்தைப் பெற்று, வரிசையில் வைத்து, பெறுபவருடைய சர்வரின் முகவரியை விசாரித்து, அங்கே ஒப்படைக்கிறது. இவற்றுள் எப்படியிலும் தாமதம் நேரலாம். காரணம் அறியாமல் பெரிய யந்திரம் வாங்க முற்படுவது, நோய் அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

முதலில் கடிதத்தின் முத்திரைகளைப் படிக்கவேண்டும். ஒவ்வொரு சர்வரும் கடிதத்தின் தலைப்பகுதியில் ‘ரிசீவ்டு’ என்று தொடங்கும் வரியொன்றை, பெற்ற நேரத்துடன் மேலே சேர்க்கிறது. இவ்வரிகளைக் கீழிருந்து மேலாகப் படித்தால், கடிதம் எங்கே காத்திருந்தது என்பது புலனாகும். சில சர்வர்கள் கிரீன்விச் நேரத்தைக் குறிக்கும். அதனுடன் 5 மணி 30 நிமிடம் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும்.

தாமதம் நம் சர்வரிலேயே எனத் தெரிந்தால், மூன்று காரணங்களை ஆராயலாம்.

முதலாவது, முகவரி விசாரணை. 1983-இல் உருவான டி.என்.எஸ். என்னும் பெயர் அமைப்பே சர்வர்களின் முகவரியைத் தெரிவிக்கிறது. லினக்ஸ் கணிப்பொறி, விடை வராவிடில், வழக்கமாக 5 வினாடி காத்திருந்த பின்னரே மறுபடி வினவும். விடை கூறும் யந்திரம் பழுதுற்றிருப்பின், நமது சர்வர் வேலையின்றி இருக்கையிலேயே கடிதங்கள் தேங்கும். அமைப்பில் ஒரு வரியைத் திருத்துவதே போதிய பரிகாரமாகலாம்.

இரண்டாவது, நெரிசல். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங், 1909-இல் வெளியிட்ட ஆராய்ச்சியினால் வரிசைக் கணிதத்திற்கு அடிகோலினார். கடிதங்களின் வருகையும் அவற்றைக் கையாளும் நேரமும் ஒழுங்கின்றி மாறும் எளிய நிலையில், சர்வர் பாதி நேரம் வேலையில் இருந்தால், கடிதமொன்று சராசரியாக ஒரு கடிதத்திற்குரிய வேலை நேரம் காத்திருக்கும். நூற்றுக்கு 90 பங்கு நேரம் வேலையிலிருந்தால், காத்திருப்பு 9 மடங்காகும். 95 பங்கானால் 19 மடங்காகும். நேற்றுவரை ஒழுங்காக இயங்கிய சர்வர், சிறிது சுமை கூடியதும் திடீரென மந்தப்படுவதன் காரணம் இதுவே.

மூன்றாவது, இணைப்புக் கோப்புகள். மின்னஞ்சலில் கோப்பின் ஒவ்வொரு 3 பைட்டும் 4 எழுத்தாக மாற்றப்படுவதால், 9 மெகாபைட் கோப்பு சுமார் 12 மெகாபைட் ஆகிறது. நூறு பள்ளிகளுக்குத் தனித்தனியே அனுப்பினால் 1,200 மெகாபைட். வினாடிக்கு 10 மெகாபிட் செல்லும் இணைப்பில், இதற்கு மட்டும் 16 நிமிடம் பிடிக்கும். கோப்பை ஓரிடத்தில் வைத்து, அதன் முகவரியை மட்டும் அனுப்புதல் சிறந்தது.

பெறும் சர்வர் ‘பிறகு வருக’ என்று திருப்புவதும் உண்டு. 2008-ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, மறுமுயற்சிக்கு முன் பொதுவாக 30 நிமிடமேனும் காத்திருக்கவேண்டும். 4, 5 நாள் வரை முயலவேண்டும். இதில் நம் சர்வரின் குற்றம் ஏதுமில்லை.

எனவே, புகார் எழுதும்போது “மெதுவாக உள்ளது” என்று மட்டும் எழுதாமல், முத்திரை நேரங்களையும் சேர்த்து அனுப்புக. பழுதுபார்ப்பவரின் பாதி வேலை அதனால் முடியும். உயிர் காக்கும் செய்தியையோ மின்னஞ்சலை மட்டும் நம்பி விடாமல், தொலைபேசியிலும் தெரிவித்து, கிடைத்ததா எனக் கேட்டறிதல் கடமையாகும். வெள்ளம் வரிசையில் காத்திருப்பதில்லை.