கண்ணாடி முன் ஓர் ஆமை

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியன் ஒருவன், எழுபதை நெருங்கும் வயதிலே, பனையோலைப் பெட்டியொன்றைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதனை ஆமை என்று அழைத்தால் அயலவர் என்ன சொல்வர் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். என் மனைவி அவர்களை முந்திக்கொண்டாள். "இஞ்சாருங்கோ, அது நான் ஒடியல் போட வச்சிருந்த பெட்டியெல்லே!"

ஆசை பழையது. மாணவனாயிருந்த காலத்தில், ஆசிரியர் ஒருவர் இரவல் தந்த நூலிலே கிறே வோல்ற்றர் என்பாரைப் பற்றிப் படித்தேன். மூளையின் மின்னலைகளை ஆராய்ந்தவர் அவர். இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரிலே 1948, 1949 ஆம் ஆண்டுகளில் இரண்டு சிறு யந்திரங்களைச் செய்து, எல்மர், எல்சி என்று பெயருமிட்டார். மெல்ல ஊர்ந்தமையால் அவை ஆமைகள் எனப்பட்டன. பழைய மணிக்கூடுகளிலிருந்து எடுத்த பற்சில்லுகள், இரண்டு மோட்டர்கள், ஒளியை உணர ஒரு கண், ஓட்டிலே ஏதும் முட்டினால் உணர ஒரு தொடுகைச் சாவி; மூளை என்று சொல்லத்தக்கது இரண்டே இரண்டு வால்வுகள். நம் தலைக்குள்ளே ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்கள் உள்ளன என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சிக்கனம் விளங்கும்.

றோபோ என்னும் சொல் 1920 இல் வெளிவந்த கறெல் சப்பெக்கின் செக் நாடகத்தில் பிறந்தது; கட்டாய உழைப்பைக் குறிக்கும் சொல்லின் வழி வந்தது. எல்மரும் எல்சியும் எவருக்கும் உழைக்கவில்லை. வெளிச்சத்தைத் தேடி அலைந்தன, அவ்வளவுதான். அதனாலேயே எனக்கு அவைமீது பிரியம் உண்டாயிற்று.

என் மாணவர்களுக்காக அப்படியொன்றைச் செய்யத் தொடங்கியது 1992 இல். அப்போது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை; தடைசெய்யப்பட்ட பொருள்களுள் பற்றறியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோ தந்த மின்னிலே வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. வயரிலே கட்டுண்டு சைக்கிளைச் சுற்றிவரும் ஆமையால் என்ன பயன்? பாகங்களைப் பெட்டியில் இட்டு மூடினேன். 1995 ஒக்டோபர் இறுதியில் ஊரோடு ஊராகத் தென்மராட்சிக்கு நடந்தபோது பெட்டி வீட்டிலேயே கிடந்தது. திரும்பி வந்தபோது வீடு இருந்தது; பெட்டி இல்லை.

மீண்டும் கைவைத்தது ஓய்வுபெற்ற பின்னர்தான். வால்வுகளுக்குப் பதில் இரண்டு திரான்சிற்றர்கள். பழைய கசெற் கருவியின் மோட்டர்கள். வோல்ற்றரின் ஆமையிலே முன்சில்லும் கண்ணும் ஒரே தண்டிற் பொருத்தப்பட்டவை. ஒரு மோட்டர் தண்டை ஓயாது சுற்றிக்கொண்டிருக்கும். கண்ணும் நாற்றிசையும் நோக்கும். வெளிச்சம் பட்டதும் சுற்றுதல் நிற்கும். சில்லு அத்திசையில் ஓடும். வாசிக்கும்போது எளிது. நான் செய்ததிலோ அரைமணி நேரத்தில் வயர்கள் தண்டிலே கயிறுபோல முறுகி அறுந்தன. மறுபடி பற்றுவைத்தேன், மறுபடி அறுந்தன. இப்படிப் பத்து நாட்கள். ஈற்றில், செப்புத் தகட்டை மூன்று வளையங்களாக வளைத்துத் தண்டில் இறுக்கி, பழைய ரோச் லைற்றின் பித்தளைத் தகடுகளை அவற்றின்மேல் உரசும்படி வைத்தேன். வளையம் சுற்றினாலும் தகடு அசையாது; மின் மட்டும் கடந்து செல்லும். அன்றிரவு ஆமை விறாந்தையைக் கடந்து மேசை விளக்கை நோக்கி ஊர்ந்தது.

அதற்கு முன்னே நிலைக்கண்ணாடியை வைத்தேன். வோல்ற்றர் எழுதிய அதிசயத்தைக் காணும் ஆவல். ஆமையின் முகப்பில் ஒரு சிறு விளக்கு. திருப்பும் மோட்டர் வேலை செய்கிறதா என்று காட்டுவதற்காக மட்டும் அவர் வைத்தது. கண்ணாடியிலே தன் விளக்கைக் கண்டதும் மோட்டர் நிற்கும், நின்றதும் விளக்கு அணையும், அணைந்ததும் கண் ஒளியை இழக்கும், மோட்டர் சுழலும், விளக்கு எரியும். ஆமை நடுங்கியது, மினுங்கியது, ஆடியது. ஒரு விலங்கு இவ்வாறு செய்தால், அதற்குத் தன்னுணர்வு உண்டென்று சிலர் கொள்ளக்கூடும் என்றார் வோல்ற்றர். "உது தன்னைப் பார்த்து வெட்கப்படுது" என்றாள் மனைவி. இரண்டில் எது பொருத்தம் என்று தீர்ப்புக் கூற எனக்குத் துணிவில்லை.

பின்னர் கொழும்பிலே உயர்தரம் படிக்கும் பேரன் விடுமுறைக்கு வந்தான். "அப்பப்பா, இதை நான் திருத்தித் தாறன்." திரான்சிற்றர்கள் போய் ஆர்டுயினோ வந்தது. முட்டித் தடுமாறும் ஓட்டுக்குப் பதில், செவிக்கு எட்டாத ஒலியை அனுப்பி எதிரொலி மீளும் நேரத்தால் தூரத்தை அளக்கும் கருவி. மோட்டர் கிளம்பும்போதெல்லாம் மின்னழுத்தம் சரிந்து ஆர்டுயினோ நினைவிழந்தது. அதற்கெனத் தனிப் பற்றறி வைத்தான். ஒலியை உறிஞ்சும் சேலைத் தலைப்பு மட்டும் அதற்கு இன்னும் புலப்படுவதில்லை. மற்றப்படி, எங்கும் முட்டாமல், நேராக விளக்கை அடைந்து நின்றது. நான் மெச்சினேன், மெய்யாகவே மெச்சினேன். அயற் சிறுவர் மட்டும் இரண்டு நாட்களில் வருவதை விட்டனர்.

கண்ணாடி முன் வைத்தோம். ஒரு சாண் தூரத்தில் கல்லாக நின்றது.

பேரன் முகம் வாடிவிட்டது. இரவிரவாக நிரலை நீட்டினான். நடனத்துக்கென்று தனி வரிகள் எழுதினான். ஆமை ஆடியது, ஆனால் கண்ணாடியை எடுத்த பின்னும் ஆடியது. விடியற்காலையில் என்னை எழுப்பினான்.

"அப்பப்பா, முன்னுக்கு நீங்கள் லைற்றை எதோட கொடுத்திருந்தனீங்கள்?"

திருப்பும் மோட்டரோடு என்றேன். அவன் விளக்கை அழகுக்காக எப்போதும் எரியும்படி வேறாக இணைத்திருந்தான். எழுதிய வரிகளை அழித்தான். வயர் ஒன்றைக் கழற்றி மாற்றினான். ஆமை கண்ணாடியைப் பார்த்து மினுங்கத் தொடங்கியது.

அடுத்த வேலையும் தொடங்கியாயிற்று. எல்சி பற்றறி தளர்ந்ததும், விளக்கெரியும் தன் கூட்டைத் தேடித் தானே திரும்பும். மின்னேற்றிக்கொண்டு மீண்டும் புறப்படும். எங்கள் ஆமைக்கு அந்த வித்தை இன்னும் கைவரவில்லை. விறாந்தை மூலையிலே கூடு மட்டும் தயாராக இருக்கிறது. உள்ளே விளக்கையும் ஏற்றி வைத்திருக்கிறோம்.