மோட்டர் தானாக நின்றால்

மீளக் குடியேறிய காணியில் வெங்காயத்துக்கு நீர் இறைக்கும்போது மின் மோட்டர் இடையில் நின்றால், சிலர் சூட்டுக் காவலனைக் கழற்றிவிட்டு வயரை நேரே தொடுத்துவிடுகிறார்கள். வேண்டாம், சுருள் எரிந்தால் மீளச் சுற்றும் செலவு வெங்காயக் காசையே விழுங்கிவிடும்.

சுருட்கம்பியின் காவற்பூச்சு தாங்கும் சூட்டுக்கு எல்லையுண்டு. மோட்டரின் தகட்டில் ‘பி’ வகுப்பு என்றிருந்தால் 130 பாகை செல்சியஸ். ‘எஃப்’ என்றால் 155. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு 10 பாகைக்கும் பூச்சின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். வெளிக்கூடு கை பொறுக்காமல் சுடுவது மட்டும் பழுதென்று ஆகாது.

230 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால், அதே நீரை ஏற்ற மோட்டர் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். மழைக்கென்று சாக்கால் மூடினாலும் விசிறிக்குக் காற்றில்லை.

நின்றவுடன் பிரதான சுவிச்சை நிறுத்துங்கள். சில காவலன்கள் ஆறியதும் மோட்டரைத் தாமாகவே ஓடவிடும், கை அகப்பட்டுவிடும். நன்றாக ஆறியபின் விசிறியும் பம்பியும் இறுகாமல் சுழல்கின்றனவா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.