உப்புக் காற்றில் கார் ஏசி

டீ ஆறுவதற்குள் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கோடை பிறந்ததும் காட்டூர், பழவேற்காடு பக்கம் கார் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் சொல்வது இதைத்தான்: "கூலிங் இல்லப்பா, காஸ் அடிச்சு விடு." போன கோடையிலும் அடித்திருப்பார்கள். பெட்ரோல் எரிந்து தீரும். ஏசி காஸ் எரிவதில்லை, தேய்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ்தான் சுற்றிக்கொண்டே இருக்கிறது. வருஷா வருஷம் குறைகிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

உள்ளே நடப்பது இதுதான். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் இருப்பது ஆர்-134ஏ என்ற காஸ். அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலில் அது திரவத்திலிருந்து ஆவியாகும்போது, மண்பானையில் கசியும் நீர் பானைத் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போவதுபோல, காருக்குள் இருக்கும் சூட்டை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திக் கண்டென்சருக்கு அனுப்புகிறது. அங்கே சூட்டை வெளியே விட்டு மறுபடி திரவமாகிறது.

நம் பக்கத்துச் சங்கடம் அந்தக் கண்டென்சரில்தான். அது ரேடியேட்டருக்கும் முன்னால், வண்டியின் முகத்திலேயே நிற்கிறது, மெல்லிய அலுமினியம். கிழக்கே வங்கக்கடல், வடக்கே உவர்நீர் ஏரி. கடற்காற்றில் வரும் உப்பு அதன் தகடுகளில் படிகிறது. உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் மழையே இல்லாத நாளிலும் தகடு நனைந்தே கிடக்கும். அலுமினியத்தைக் காக்கும் மேற்படலத்தை உப்பு அங்கங்கே துளைக்கிறது. ஊசிமுனை அளவு துளை போதும், காஸ் மெல்ல வெளியேறிவிடும். அத்திப்பட்டு, மீஞ்சூர் சாலையில் லாரிகள் கிளப்பும் புழுதியும் சேர்ந்து படிந்தால் சூடு வெளியேற வழியில்லாமல் கம்ப்ரசர் திணறும்.

இதற்கு மருந்து நல்ல தண்ணீர். இஞ்சின் ஆறிய பிறகு, வாரம் ஒருமுறை, முன் கிரில் வழியாகக் கண்டென்சரை மெதுவாகக் கழுவுங்கள். உவர்த்த போர்த் தண்ணீர் வேண்டாம். வாட்டர் சர்வீஸில் கிட்டே பிடித்து வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும், அப்படி அடிக்க விடாதீர்கள்.

வேறு சிலவும் உண்டு. கேபின் ஃபில்டர் அடைத்தால் காற்று வராது. கூலிங் குறைந்தது என்று நினைக்கும் பலருக்குக் கோளாறு அங்கேதான். இறால், நண்டுக் கூடை ஏற்றும் வண்டியில் நாற்றம் தங்காமலிருக்க, வீடு நெருங்கும்போதே ஏசியை அணைத்துவிட்டு ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள், கூலிங் காயில் உலர்ந்துவிடும். வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டினால் கவலை வேண்டாம். கால் வைக்கும் இடத்தில் சொட்டினால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது. மார்கழிக் குளிரிலும் வாரம் ஒருமுறை ஐந்து பத்து நிமிடம் ஏசியை ஓட்டுங்கள். காஸோடு சுற்றும் எண்ணெய்தான் கம்ப்ரசரின் சீல் காயாமல் பார்த்துக்கொள்கிறது.

அப்படியும் காஸ் குறைந்துவிட்டதா? முதலில் லீக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். நைட்ரஜன் ஏற்றிச் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். அடைத்த பிறகு வேக்கம் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் முழுக்க உறிஞ்சியாக வேண்டும். அவசரத்தில் இதை விட்டுவிடும் கடைகள் உண்டு. ஈரம் தங்கினால் உள்ளே அமிலம் உண்டாகிக் கம்ப்ரசரையே அரிக்கும். பிறகு பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கிறதோ, அதை எடைபோட்டு ஏற்ற வேண்டும். கூடுதல் காஸ் கூடுதல் குளிர்ச்சி தராது, குறைக்கத்தான் செய்யும்.

லீக்கை அடைக்காமல் காஸ் அடிப்பது நம் பணத்தை மட்டும் காற்றில் விடுவதில்லை. ஒரு கிலோ ஆர்-134ஏ, ஒரு கிலோ கரியமில வாயுவைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல் பூமியைச் சூடாக்கும். இத்தகைய காஸ்களைக் குறைக்க 2016-இல் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இந்தியா 2021-இல் அதை ஏற்றது. பூமி சூடாகிக் கடல் ஏறினால் முதலில் தண்ணீர் நுழைவது நம் குப்பங்களில்தான். ஆகவே இந்தக் கோடையில் மெக்கானிக் காஸ் சிலிண்டரைத் தூக்கி வரும்போது, "லீக் எங்கே?" என்று முதலில் கேளுங்கள். அதற்குப் பதில் வந்த பிறகு காஸ் ஏற்றச் சொல்லுங்கள்.