கொச்சி யூதரின் மக்கட்கல்வி

சமயமரபு பிறழாமலும் உலகியலினின்று ஒதுங்காமலும் மக்களை வளர்த்தல் யாங்ஙனம் என்பது சிறுபான்மையோர் அனைவர்க்கும் உரிய வினாவாகும். பொட்டிப்புரத்தை உள்ளிட்ட தேனி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, வெளியில் தமிழ் வழங்கும் குடும்பங்கள் பல உள. அவர்கட்கு இதுபோன்றதொரு வினா புதிதன்று. அவ்வட்டாரத்திற்கு மேற்கே, மலைத்தொடருக்கு அப்பால், கொச்சியில் வாழ்ந்த யூதர் இதற்குக் கண்ட விடை ஈண்டு ஆராயப்படும்.

கி.பி. 1000ஆம் ஆண்டளவில் சேரமன்னன் பாற்கர இரவிவர்மன் யூதர் தலைவனுக்கு அளித்த செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. யோசேப்பு ரப்பான் என்னும் அவன் பெயர் அதில் 'இசுப்பு இரப்பான்' எனக் காணப்படுகிறது. இங்ஙனம் பெயரிலும் நாட்டொலியை ஏற்ற இம்மக்கள், தோரா என்னும் தம் திருமறையை எபிரேய மொழியிலேயே ஓதிவந்தனர். நாட்டுமொழியை ஏற்றலும் மறையைக் காத்தலும் அவர்கட்கு முரணாகத் தோன்றவில்லை.

யூதரின் சட்டநூலாகிய தால்மூது, மகனுக்குத் தோராவோடு ஒரு தொழிலையும் கற்பித்தல் தந்தையின் கடன் என விதிக்கிறது. நீந்தக் கற்பித்தலையும் உடன் சேர்த்துரைப்பார் உளர். மறையறிவும் வாழும் வழியும் ஒரே கடமையின் இரு கூறுகள் என்பது இதனாற் பெறப்படும்.

கொச்சியில் இக்கடமை தந்தையரோடு நின்றுவிடவில்லை. சிறுவர் எபிரேயம் ஓதக் கற்றனர். மகளிர் மறைக்கதைகளை மலையாளப் பாடல்களாகக் குறிப்பேடுகளில் எழுதிவைத்து, மணவீட்டிலும் திருநாளிலும் பாடினர். எனவே ஓதிய மறையின் பொருள் வீட்டுமொழியில் பிள்ளைகளின் நெஞ்சிற் பதிந்தது. ரூபி தானியேல் (1912–2002) என்னும் அம்மையார் கிறித்தவக் கன்னியர் நடத்திய பள்ளியிற் பயின்றார். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் கடற்படையின் மகளிர் பிரிவிற் பணியாற்றினார். 1951இல் இசுரேலிற் குடியேறிய அவரே, பிற்காலத்தில் அப்பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்தளித்தார்.

எனினும் இம்மரபு குறையற்றதன்று. 1568இல் எழுந்த பரதேசி தொழுகைக்கூடத்தில், அடிமைவழியினர் எனப்பட்ட யூதர்க்கு ஒத்த உரிமை நெடுங்காலம் மறுக்கப்பட்டது. அவ்வழியில் தோன்றிய ஆபிரகாம் பாரக் சேலம் (1882–1967) சென்னையில் சட்டம் பயின்று வழக்கறிஞரானார். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம் தொழுகைக்கூடத்திலேயே கையாண்டு, அவ்வுரிமைக்காகப் போராடினார். மறை கூறும் நீதியை மரபு மறந்தவிடத்து, வெளியுலகக் கல்வி அதனை நினைவூட்டிற்று. அயற்கல்வி மரபைக் குலைத்துவிடும் என அஞ்சுவோர் இதனைக் கருதுதல் வேண்டும்.

1950களில் இம்மக்களுட் பெரும்பாலோர் இசுரேலிற் குடியேறினர். ஈங்கு எஞ்சியோர் மிகச் சிலரே. எனினும் குறிப்பேட்டுப் பாடல்கள் அவர்களோடு கடல் கடந்து சென்று, அந்நாட்டிலும் மலையாளத்திலேயே பாடப்பெற்றன. மறையை எபிரேயத்திலும் அதன் கதைகளை மலையாளத்திலும் பெற்ற பிள்ளைகள், இரண்டையும் தமக்குரியனவாகவே கொண்டனர் என்பதற்கு இதுவே சான்றாகும்.